ஒன்றரை மடங்கு

றிஷானாவின் கணக்கு பிழை என்று முதலில் எழுதியவரின் முகமோ பெயரோ அவளுக்குத் தெரியாது. சஞ்சிகை ஆசிரியர் அனுப்பிய மின்னஞ்சலில் அந்த மதிப்பீட்டாளரின் கருத்து நான்கே வரியில் இருந்தது. கணிப்பு நேர்த்தியானது. ஆனால் அளவீடு அதன் ஒன்றரை மடங்காக இருக்கிறது. அளவீடு பெயர்பெற்ற ஓர் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. ஆகவே கட்டுரையாளர் தமது கணிப்பில் எங்கே வழு என்று தேட வேண்டும்.

அவள் ஏழு மாதம் தேடினாள்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. குறிஞ்சாக்கேணியில் பிறந்தவள். திருகோணமலையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் பௌதிகவியல் விரிவுரையாளர். கணவன் இஹ்ஸான் துறைமுகத்து இழுவைப் படகொன்றில் இயந்திரப் பொறுப்பாளன். இருவரும் நகரத்து ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் பாதி அவளுடைய கடதாசிகளுக்கு என்று கல்யாணமான முதல் வருடத்திலேயே ஆகிவிட்டது.

கடதாசிகளில் இருந்தது ஒரேயொரு மோதல். ஓர் இலத்திரனை இழந்த நியோன் அணுவை, அதாவது நியோன் அயனை, இன்னொரு நியோன் அணுவின் மேல் ஏவுகிறார்கள். மெதுவாகத்தான் ஏவுகிறார்கள். மெதுவாக என்றால் அணுவின் உட்கூட்டில் சுற்றும் இலத்திரனின் வேகத்தைவிட மெதுவாக. அதனால் இரண்டும் நெருங்க நெருங்க இலத்திரன்களுக்குத் தங்களைச் சரிப்படுத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது. இரண்டு கருக்களும் கிட்ட வரும் கணத்தில் அவை இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய அணுபோல ஆகிவிடுகின்றன. அப்போது உட்கூட்டு இலத்திரன் ஒன்று மேலே உயர்த்தப்படுகிறது. அந்த உயரத்தில் காலியிடம் ஒன்று இருந்தால், உதாரணமாக அயன் இழந்த இலத்திரனின் இடம், அது அங்கே தாவிவிடும். இல்லாவிட்டால் வந்த வழியே இறங்கிவிடும். தாவிவிட்டால், அணுக்கள் பிரிந்து போகும்போது உட்கூட்டில் ஒரு பள்ளம் மிஞ்சும். வெளியிலிருந்து இன்னொரு இலத்திரன் அதற்குள் விழும். விழும்போது ஓர் எக்ஸ் கதிர் புறப்படும். ஆய்வுகூடத்தில் எண்ணுவது அந்தக் கதிர்களைத்தான்.

இந்த மோதலில் பங்கெடுக்கும் பத்தொன்பது இலத்திரன்களையும் விடாமல் கணக்கில் எடுக்கும் ஒரு நிரலை எழுத றிஷானாவுக்கு ஐந்து வருடம் பிடித்திருந்தது. முன்பு அவளுடைய கலாநிதிப் பட்டத்துக்கு வழிகாட்டிய பேராசிரியரிடம் யோசனை கேட்டபோது, அவர் தொலைபேசியில் சிரித்தார்.

"ஒண்டரையால பெருக்கிப் போட்டு அனுப்பும் பிள்ளை. திருத்தக் காரணி எண்டு ஒரு பேர் வையும். எல்லாரும் செய்யிறதுதானே."

"ஏன் ஒண்டரை எண்டு கேட்டா என்ன சொல்ற சேர்?"

"ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"நான் கேப்பனே," என்றாள் அவள்.

ஜூலை விடுமுறையில் வளாகத்தின் கணினிக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. அதற்குப் பொறுப்பான தொழினுட்ப அலுவலர் கிருஷாந்த், கிளிவெட்டியிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர். நாற்பத்தைந்து வயது. அதிகம் கதைக்காதவர். றிஷானா போய் முப்பத்திரண்டு கணினிகளையும் மூன்று வாரத்துக்குத் தர முடியுமா என்று கேட்டாள்.

"என்னத்துக்கு மிஸ்?"

"என்ட கணக்குப் பிழையா இல்லையா எண்டு கடைசியா ஒருக்காப் பாக்க. கணக்கில வாற ஒவ்வொரு நேர அடியையும் பத்தாப் பிரிச்சு ஓட விடப் போறன். என்ட லப்டொப்பில எண்டா ரெண்டு வருஷம் ஓடும்."

கிருஷாந்த் கூடத்தை ஒருமுறை பார்த்தார். "ஏசி ரெண்டு வேலை செய்யேல்ல. யன்னல் எல்லாம் திறந்து வைக்கோணும். நான் சனி ஞாயிறும் வாறன்," என்றார்.

மூன்று வாரமும் வந்தார். ஒரு கணினி சூடேறி நின்றால் அதன் வேலையை இன்னொன்றுக்கு மாற்றினார். கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதற்கு ஒரு சிறு நிரலைத் தானே எழுதிச் சேர்த்தார். இருபதாம் நாள் காலை விடை வந்தது. பழைய விடையிலிருந்து மூன்றாம் தசமதானத்தில்தான் வித்தியாசம் இருந்தது.

றிஷானா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏழு மாதமாக அவள் பயந்து கொண்டிருந்த ஒன்று அன்றைக்கு அவளை விட்டுப் போயிற்று.

"என்ட கணக்குப் பிழையில்ல கிருஷாந்த்."

"அப்ப யாற்ற பிழை?"

றிஷானா விடையைத் தன் கொப்பியில் எழுதி மூடினாள். அந்த அளவீட்டைச் செய்தவள் அவளுடைய சிநேகிதி கீர்த்தனி.

உயர்தர வகுப்பில் இணைந்த கணிதப் பாடத்தை இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். பல்கலைக்கழகத்திலும் ஒன்றாகவே இருந்தார்கள். பிறகு கீர்த்தனி ஜெர்மனிக்குப் போய், அயன்களை ஏவும் ஒரு பெரிய ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்து அங்கேயே வேலையில் சேர்ந்தாள். அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்தான் அந்த அளவீடு. றிஷானா தன் கணிப்புக்கு அந்த மோதலைத் தேர்ந்தெடுத்ததே சிநேகிதியின் எண்களோடு தன் எண்களை ஒப்பிடலாம் என்ற ஆசையில்தான்.

அன்று பின்னேரம் அவள் கீர்த்தனியின் கட்டுரையை மறுபடி திறந்தாள். நூறு தடவை பார்த்த வரைபுகள். இதுவரை அவள் பார்த்ததெல்லாம் எக்ஸ் கதிர்களின் எண்ணிக்கையை மட்டும். இப்போது அந்தக் கதிர்களின் சக்தியைக் காட்டும் வரைபைப் பார்த்தாள். வளையி, அதாவது வரைபின் வளைகோடு, கூரான ஒரு மலைபோல எழுந்து இறங்கியது. இறங்கும் வலது பக்கத்தில், அதிக சக்தியின் பக்கம், சின்னதாக ஒரு வீக்கம். கட்டுரை அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வெளிக்கூட்டில் எத்தனை இலத்திரன் குறைகிறதோ அதற்கேற்ப வரும் எக்ஸ் கதிரின் சக்தி கொஞ்சம் கூடும். இது பாடப்புத்தகத்தில் உள்ள விசயம். மோதலிலேயே சில வெளி இலத்திரன்கள் கழன்று போவதுண்டு. றிஷானா அதைக் கணித்துக் கழித்துப் பார்த்தாள். கழித்த பிறகும் வீக்கம் மிச்சம் இருந்தது.

அப்படியென்றால் சில அயன்கள் பெரிய மோதலுக்கு முன்பே கூடுதலான இலத்திரன்களை இழந்துவிட்டு வந்திருக்கின்றன. வாயு நிரப்பிய சிறு கலத்துக்குள் அயன் நுழைகிறது. முதலில் ஓர் அணுவோடு லேசாக உரசுகிறது. அங்கே ஒரு வெளி இலத்திரன் போய்விடுகிறது. ஒரு காலியிடம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு. பிறகுதான் அது இரண்டாவது அணுவோடு நேராக முட்டுகிறது. உட்கூட்டு இலத்திரன் தாவுவதற்கு இடம் இரட்டிப்பாகிவிட்டதால் எக்ஸ் கதிரும் கூடுகிறது. ஒரு மோதல் என்று எண்ணப்பட்டவற்றில் பல உண்மையில் இரண்டு மோதல்கள்.

அவள் வீக்கத்தின் அளவை வைத்து அந்த அயன்களின் பங்கைக் கணித்து, அதைத் தன் நிரலுக்குள் கொடுத்தாள். விடை முதல் கணிப்பின் ஒன்று தசம் நாலு எட்டு மடங்கு. ஏறத்தாழ ஒன்றரை.

கீர்த்தனி ஓகஸ்ட்டில் விடுமுறையில் வந்தாள். அம்மா குணேஸ்வரியின் வீடு ஓர்ஸ் ஹில்லிலேயே, இரண்டு தெரு தள்ளி. வந்த மூன்றாம் நாள் சொக்கலேட் பெட்டியோடு றிஷானாவின் மாடிப்படியில் ஏறி வந்தாள். இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்து, தேத்தண்ணி குடித்து, ஒன்றாய்ப் படித்தவர்களின் கதையெல்லாம் கதைத்து முடித்த பிறகு, றிஷானா வரைபை மேசையில் வைத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

கீர்த்தனியின் முகம் மெல்ல இறுகியது.

"ஒரு மோதல்தான் நடக்குது எண்டு நாங்கள் செக் பண்ணினனாங்கள் றிஷானா. வாயு அமுக்கத்தை மாத்திப் பாத்தனாங்கள்."

"எந்த அயனோட பாத்த?"

"ஈலியத்தோட."

"ஈலியம் முட்டுற விதம் வேற கீர்த்தனி. அதுக்கு இந்தக் காலியிடக் கணக்கே தேவையில்ல. நியோனோட பாத்தியா?"

கீர்த்தனி கோப்பையை வைத்தாள். "அமுக்கத்தைக் குறைச்சா எண்ணிக்கை வாறதுக்கு ஒரு முழு நாள் நிக்கோணும். எங்களுக்குத் தந்ததே மூண்டு நாள். அது உனக்கு விளங்காது. நீ மேசையில இருந்து கணக்குப் போடுற ஆள்."

"ஓம், மேசையிலதான் இருக்கிறன். ஏழு மாசமா என்னில பிழை எண்டு நினைச்சுக்கொண்டுதான் இருந்தன்."

"அது என்ர தீசிஸ். என்ர பேர்ல வந்த முதல் பேப்பர். நீ இப்ப அது பிழை எண்டு சொல்லுறாய்."

"உன்ட எண் பிழை எண்டு நான் சொல்லல்ல. நீ எண்ணினது சரி. எதை எண்ணின எண்டதுதான் வேற."

கீர்த்தனி எழுந்து போய்விட்டாள். சொக்கலேட் பெட்டி திறக்கப்படாமல் மேசையில் இருந்தது. வேலை முடிந்து வந்த இஹ்ஸான் அதையும் மனைவியின் முகத்தையும் பார்த்தான்.

"சண்டையா?"

"ஒரு சிநேகிதிய இழந்திட்டன் போல."

அவன் கைகழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ சொன்னது சரிதானா?"

"சரி."

"அப்ப பொறு. அவவும் படிச்ச புள்ளதானே. போய்ப் பாக்காம இருக்க ஏலாது அவவால."

ஐந்து நாள் கீர்த்தனியிடமிருந்து ஒரு கதையும் இல்லை. ஆறாம் நாள் காலை, றிஷானா குசினியில் ரொட்டி சுட்டுக் கொண்டிருந்தபோது கீர்த்தனி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. கையில் கணினி திறந்தபடியே இருந்தது.

"ஒம்பது ரன், ஒம்பது தரம் அளந்தது," என்றாள். "ஒம்பதிலயும் அந்த வீக்கம் இருக்கு. ஒண்டு ரெண்டில எண்டா தற்செயல் எண்டு விடலாம். ஒம்பதிலயும் ஒரே இடத்தில. நான் ஏன் இதைப் பாக்கேல்ல? மூண்டு வருஷம் இதோட இருந்தனான்."

றிஷானா அடுப்பை அணைத்துவிட்டு அவளை இழுத்து இருத்தினாள். பிறகு கீர்த்தனி ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்தாள்.

"நவம்பர்ல எனக்கு ஆய்வுகூடத்தில அளக்க நாலு நாள் இருக்கு. வேற ஒரு அளவீட்டுக்குத் தந்தது. அதை விட்டுட்டு இதைச் செய்யப் போறன்."

"உங்கட ஆய்வுகூடத்துப் பெரியவர் விடுவாரா?"

"விட மாட்டார். கேட்டு வாங்குவன். ஆனா நீ ஒண்டு செய்யோணும். நான் அளக்கிறதுக்கு முதல் என்ன வரும் எண்டு எழுதித் தா. திகதி போட்டு. நான் ஆய்வுகூடத்தில எல்லாருக்கும் அனுப்புவன். பிறகு ஒருத்தரும் நீ பாத்துப் பொருத்தினது எண்டு சொல்லக்கூடாது."

றிஷானா மேசையிலிருந்து ஒரு வெற்றுத்தாளை இழுத்தாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிழையாகிப்போனால் உலகம் முழுவதும் பார்க்கும். "தாறன்," என்றாள்.

அவள் மூன்று எண்களை எழுதினாள். அமுக்கத்தைப் பாதியாக்கினால் அளவீடு என் கணிப்பின் ஒன்று தசம் இரண்டு எட்டு மடங்காக வரும். ஐந்திலொன்றாக்கினால் ஒன்று தசம் ஒன்று இரண்டு. பத்திலொன்றாக்கினால் ஒன்று தசம் பூச்சியம் ஆறு. வீக்கமும் அதே வேகத்தில் கரையும். கீழே கையெழுத்தும் திகதியும்.

நவம்பரில் திருகோணமலையில் மழை பிடித்துக் கொண்டது. உள்துறைமுகம் நாள் முழுக்கச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. முதல் நாள் பின்னேரம் கீர்த்தனியின் முதல் எண் வந்தது. பாதி அமுக்கத்தில், ஒன்று தசம் நாலு ஏழு.

குறையவே இல்லை.

றிஷானா அந்த எண்ணைப் பார்த்தபடி இருந்தாள். ஆய்வுகூடத்துப் பெரியவர் "எதிர்பார்த்ததுதான்" என்று சொன்னதாகக் கீர்த்தனி எழுதியிருந்தாள். கணினிக்கூடத்தில் கிருஷாந்த் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்று அதை வாசித்தார்.

"மிஸ், வாயுவைக் குறைச்சது கலத்துக்குள்ள மட்டுமோ?"

"ஓம்."

"அப்ப கலத்துக்கு வாற குழாய்க்குள்ள?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்யப் பொறுக்காமல் நேரே தொலைபேசியில் அழைத்தாள். அந்தப் பக்கம் கீர்த்தனி எடுத்தாள்.

"குழாயில இருக்கிற அமுக்கமானியைப் பார்," என்றாள் றிஷானா. "கலத்துக்கு முன்னால."

கீர்த்தனி ஓட்டமாக ஓடும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் கழித்து அவளுடைய குரல் வந்தது. "பழைய வாயு இன்னும் நிக்குது. நிறைய நிக்குது. கலத்திலயிருந்து கசிஞ்சது. அயன் கலத்துக்குள்ள வாறதுக்கு முதலே உரசிக்கொண்டு வருது. பொறு, பம்பை முழுசா ஓட விடுறன். நாளைக்குக் காலமை வரைக்கும் ஒண்டும் அளக்க மாட்டன் நான்."

அடுத்த நாள் வந்த எண் ஒன்று தசம் இரண்டு ஒன்பது. றிஷானா எழுதியது இரண்டு எட்டு. அவள் உரக்கச் சிரித்துவிட்டாள். கணினிக்கூடத்திலிருந்த மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஐந்திலொரு பங்கு அமுக்கத்தில் ஒன்று தசம் ஒன்று ஒன்று. அன்று கீர்த்தனி எண்ணோடு வேறொன்றும் எழுதவில்லை. வீக்கம் தணிந்த வளையியின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாள்.

கடைசி எண் நான்காம் நாள் வரவேண்டும். அன்றைக்கு இரண்டு மணிக்கு முதலாம் வருடத்துக்கு இயக்கவியல் விரிவுரை. நிறுத்த முடியாது. வகுப்பில் தொலைபேசியைத் தொடுவதில்லை என்பது அவளே மாணவருக்குப் போட்ட சட்டம். அவள் அதைக் கிருஷாந்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

விரிவுரை மண்டபத்தின் தகரக் கூரையில் மழை கொட்டியது. எண்பது பேர். உந்தக் காப்பு பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தவள் பாதியில் இரண்டு முறை வசனத்தை விட்டாள். மூன்றாவது முறை கதவுக் கண்ணாடியில் ஏதோ அசைந்தது. கிருஷாந்த் நனைந்த சட்டையோடு நின்றார். தடித்த மார்க்கர் பேனாவால் எழுதிய ஒரு தாளைக் கண்ணாடியில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

1.05.

வாழ்க்கையில் ஒருநாளும் அவரை அப்படிச் சிரித்து அவள் கண்டதில்லை.

றிஷானா சோக்குக் கட்டியை வைத்தாள். முன்வரிசையில் இருந்த அப்ராஸ் என்ற மாணவன் எழுந்து, "மிஸ், ஏதும் பிரச்சினையா?" என்றான்.

"இல்ல," என்றாள். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி இரண்டு தடவை மூச்சு விட்டாள். பிறகு மாணவரைப் பார்த்தாள். "இந்தக் கட்டிடத்தில, உங்கட கணினிக்கூடத்தில, நாங்க ஒரு கணக்குப் போட்டம். அது பிழை எண்டு ஒரு வருஷமாச் சொன்னாங்க. இப்ப ஜெர்மனியில அளந்து பாத்து, அது சரி எண்டு சொல்லிட்டாங்க."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அது முன்னால் பரவியது. சிலர் மேசையைத் தட்டினார்கள். மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. றிஷானா கதவைத் திறந்து, வாசலில் நின்ற கிருஷாந்தின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள்.

"இவருக்குத் தட்டுங்க," என்றாள். "முப்பத்திரண்டு கொம்பியூட்டரையும் இருபது நாள் ஓட வைச்சவர் இவர்தான். கடைசியில பிழை எங்க நிண்ட எண்டு கேட்டவரும் இவர்தான்."

கிருஷாந்த் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் போறன் மிஸ், சேர்வரைப் பாக்கோணும்," என்று நழுவினார். எண்பது பேரும் அவர் போகும்வரை தட்டினார்கள்.

கட்டுரை மாசியில் வெளிவந்தது. மூன்று பெயர்கள் இருந்தன. றிஷானா, கீர்த்தனி, கிருஷாந்த். கீர்த்தனி தன் பழைய கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பையும் தானே எழுதி அதே இதழில் போடச் சொன்னாள். வேண்டாம், புதுக் கட்டுரையிலேயே சொல்லியாயிற்றே என்று றிஷானா தடுத்துப் பார்த்தாள். "என்ர எண்ணை நானே திருத்துறன். அது என்ர உரிமை," என்று கீர்த்தனி எழுதினாள். கட்டுரை வந்த கிழமையே இணையவழிக் கருத்தரங்கு ஒன்று நடந்தது. நான்கு நாட்டு ஆய்வாளர்கள் இருந்தார்கள். ஆய்வுகூடத்துப் பெரியவர் தாமே முன்வந்து, தம்முடைய பழைய அளவீடுகளில் இன்னும் ஆறை இந்த முறையில் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றும், எதை முதலில் அளப்பது என்று திருகோணமலைதான் சொல்ல வேண்டும் என்றும் கூறினார். றிஷானா ஒரு பட்டியலோடு தயாராக இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை இஹ்ஸானோடு குறிஞ்சாக்கேணிக்குப் போனாள். அவளுடைய உம்மா ஆமினா உம்மாவுக்குச் செய்தி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. அயல்வீட்டு றுக்கியாவும் அவளுடைய மருமகளும் வந்து கதிரைகளில் இருந்தார்கள்.

"வா மகள், வா," என்றார் உம்மா. "இவங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன். என்ட புள்ள ஜெர்மனிக்காரன்ட பிழையப் புடிச்சிட்டாள் எண்டு."

"அப்பிடி இல்ல உம்மா. கீர்த்தனிதான் அளந்த. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

"சரி, சரி. எங்கட கீர்த்தனிதானே. அவளும் நம்மட ஊர்ப் புள்ளதானே." உம்மா சொன்னதைத் திருத்திக்கொண்டு றுக்கியாவின் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் நம்மட புள்ளயள்தான். விளங்கிச்சா? ஒண்டு அங்க இருந்து அளந்திருக்கு, ஒண்டு இங்க இருந்து கணக்குப் போட்டிருக்கு."

"என்னத்த அளந்த?" என்று கேட்டாள் றுக்கியா.

உம்மா மகளைப் பார்த்தார். றிஷானா பாயில் உட்கார்ந்து, இரண்டு முஷ்டிகளையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கி, மெதுவாக ஒன்றையொன்று நெருங்க வைத்துச் சொல்லத் தொடங்கினாள். உம்மா பக்கத்தில் கிட்ட வந்து இருந்தார். றுக்கியாவின் மருமகள் கைப்பிள்ளையை மடிமாற்றிக்கொண்டு கதிரையை முன்னே இழுத்தாள்.